உப்புப் பாத்தியில் ஓர் அமெரிக்கப் பஞ்சாயத்து

அமெரிக்காவில் பெண்கள் கால்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கும் காலம் திரும்ப வருமா, வராதா என்று மரக்காணம் உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து நாங்கள் பேசித் தீர்த்திருக்கிறோம். எங்களில் யாரும் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. கால்பந்தையே சுனாமிக்கு அடுத்த வருஷம்தான் பார்த்தோம். பேசுவதற்கு அதெல்லாம் ஒரு தடையா?

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. காரணம் என் இங்கிலீஷ். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, மெட்ராசில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டுகிற வேலை, அப்புறம் குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் பாத்திரம் கழுவுகிற வேலை. எங்கேயும் என் கால் நிலையாக நின்றதில்லை. விடுதியில் இருந்தபோது சுடுதண்ணீர் வேண்டும், துண்டு எங்கே, இந்தக் குழம்பில் காரம் எவ்வளவு என்கிற அளவுக்கு இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் விடுதிக்காரரோடு சண்டை வந்தது. அடுத்த வாரம் மரக்காணத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன்.

உப்பளத்தில் இருட்டோடு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி வரப்பில் கொட்டிவிட வேண்டும். அதற்கு மேல் நின்றால் பாத்தி வெளிச்சம் கண்ணைக் குத்தும். பாதமெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. எல்லாருக்கும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மத்தியானத்துக்கு மேல் வேலை கிடையாது. பேச்சுதான்.

2004 கடைசியில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போன பிறகு எங்கள் கரைக்கு வராத பொருள் இல்லை. பிளாஸ்டிக் குடம் வந்தது, பாய் வந்தது, கம்பளிச் சட்டையும் காது மூடுகிற குல்லாயும்கூட வந்தன. குல்லாயில் கருவாட்டைக் கட்டி வைத்தவர்கள் உண்டு. ரோட்டோரம் ஒரு வண்டி நின்றால் போதும், என்ன வண்டி என்று கேட்பதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். ஆம்பளைக்கு ஒன்று, பொம்பளைக்கு ஒன்று, எல்லார் கையிலும் நிவாரணச் சாமான் வாங்குகிற கார்டு. ஒரு தடவை டயர் பஞ்சரான கல்யாண வேனுக்குப் பின்னால் வரிசை நின்று, மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்படி உதவிக்கு வந்த ஒரு குழுவோடு ஓர் அமெரிக்க அம்மா வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் எல்லாரையும்விட ஒரு தலை உயரம். முகம் முழுக்கத் தவிட்டு நிறப் புள்ளிகள். குயிலாப்பாளையத்தில் தங்கிக்கொண்டு ஒரு பழைய மொபெட்டில் தினமும் வந்து போவார். தார் ஷீட்டில் தற்காலிக வீடு கட்டுவது அவர்கள் வேலை. உள்ளே உட்கார்ந்தால் இட்லி மாதிரி வெந்துவிடலாம். அவர்கள் கட்டிக்கொடுத்தார்கள், நாங்கள் சாமானை உள்ளே வைத்துவிட்டு வெளியே படுத்துக்கொண்டோம்.

ஒரு நாள் மத்தியானம் வலைப்பை நிறையப் பந்தோடு உப்பளத்து வரப்பில் வந்து நின்றார். பெண்கள் ஆட வேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவி ஒரு மூக்குத்தி அக்கா. இரண்டு பக்கமும் மூக்குத்தி, வாய் மட்டும் நான்கு பேருக்கு உள்ளது. "வாங்கிக்கலாம்டி. வேணாம்னு சொன்னா அடுத்த தபா வண்டி நிக்காது. ஆமா, ஆடி முடிச்சா என்னா குடுப்பாங்களாம்?"

"ஒன்னும் குடுக்க மாட்டாங்களாம்க்கா. சும்மா ஆடணுமாம்."

"ஆடறதுக்காவ ஆடறதா?" அக்கா அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "பாவம். வெயிலு."

அந்த வருஷம் ஒரு பெரிய பாத்தி சும்மா கிடந்தது. அதற்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைக் கடல் மணல் அடைத்துவிட்டது. "ஆடுங்க, ஆனா பாத்திய ஒடைச்சிங்கன்னா தோலு உரிச்சுப்புடுவேன்" என்று உப்பளத்து மேஸ்திரி அனுமதி கொடுத்தார்.

அந்த அம்மா பந்தை நடுவில் வைத்து, "ஓடுங்கள்" என்று கத்தினார். நாங்கள் நடந்தோம். இன்னும் பலமாகக் கத்தினார். இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தோம். ஒருத்திகூட ஓடவில்லை. பந்து உருண்டு போனால் பின்னாலேயே, சாமி ஊர்வலத்துக்குப் போவது போல் போய், அது தானாக நின்ற பிறகு உதைத்தோம்.

பாத்தியில் யாரும் ஓடமாட்டார்கள். உப்புக் காலம் தொடங்கும் முன் நாங்கள் வரிசையாக நின்று நாள் கணக்கில் மிதித்துத்தான் அந்தத் தரை சிமெண்டு போல் இறுகும். குதிகாலை ஊன்றி ஓடினால் மேல்தோல் உடைந்து கீழே இருக்கிற கருஞ்சேறு மேலே வரும், உப்பு கறுத்துப்போகும். அதனால் பாதத்தை முழுசாக, தட்டையாக வைத்து நடந்தே பழக்கம். வீடு தீப்பிடித்தது என்று சொன்னாலும் பாத்தியில் நடந்து வந்து, வரப்பில் ஏறின பிறகுதான் ஓடுவோம். சும்மா கிடக்கிற பாத்திதானே என்று புத்திக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா எங்களுக்கு ரத்தம் குறைவு என்று முடிவு செய்து, மறுநாள் ஒரு பெட்டி குளுக்கோஸ் பிஸ்கட்டோடு வந்தார். பிஸ்கட் தீர்கிறவரைக்கும் நான் விஷயத்தைச் சொல்லவில்லை.

சொன்னதும் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் எங்களை ஓடச் சொல்லவில்லை. நடந்தே ஆட வைத்தார். மிதிக்கும்போது நிற்பது போலத் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாக நின்று முன்னால் போவோம். எதிரே வருகிற பந்தை யாராவது ஒருத்தி மிதித்து நிறுத்திவிடுவாள். பந்தும் மிதிபட வேண்டிய ஒரு மண்கட்டி என்கிற நினைப்பில்தான் மிதித்தோம். எங்களைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம். அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

'பந்தம்மா' என்று அவருக்குப் பெயர் வைத்தது மூக்குத்தி அக்காதான். ஒரு சாயங்காலம் அக்கா கேட்டார்: "பந்தம்மா, ஊர்ல உனக்கு என்னா வேல?"

பந்தம்மா பந்தைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் வேலை."

நான் மொழிபெயர்த்தேன். யாரும் நம்பவில்லை. "நல்லா கேளுடி. சம்பளம் வர்ற வேல."

நல்லாக் கேட்டேன். பெண்களுக்கென்று தனியாகப் பல ஊர்களில் அணி வைத்து, சம்பளம் கொடுத்து, டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்தினார்களாம். சில வருஷம் நடந்ததாம். பார்க்கிற ஜனம் குறைந்து, டிவியிலும் ஆள் பார்க்காமல், முதலாளிகள் கையில் இருந்த பணம் தீர்ந்து, உலகப் போட்டி தொடங்க ஒரு சில நாள் இருக்கும்போது இழுத்து மூடிவிட்டார்களாம். தான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரி இல்லை என்றும், பாதி நாள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார்.

"பெஞ்சில குந்தறதுக்கும் சம்பளமா?" மேஸ்திரிக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

"மூடினது சரி. எப்போ தொறப்பாங்களாம்?" என்றார் அக்கா. மழை வந்தால் உப்பளம் மூடும், தை பிறந்தால் திறக்கும். மூடினது மூடினதுதான் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

பந்தம்மா பந்தை வலைப்பைக்குள் போட்டார். அந்தக் கேள்வியில்தான் அவர் மாட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்பயிற்சி டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நிரந்தர வேலை. அடுத்த திங்கட்கிழமைக்குள் சரி, இல்லை என்று சொல்லியாக வேண்டும். இன்னொரு பக்கம், கூட ஆடிய தோழி ஒருத்தி, மறுபடி ஆட்டத்தைத் தொடங்கச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், உடம்பை விட்டுவிடாதே, எங்களோடு சேர்ந்து நில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எந்த வருஷம் என்று அவளுக்கே தெரியாது. டீச்சர் ஆனால் ஆட்டக்காலில் துரு ஏறிவிடும். காத்திருந்தால் வயது ஏறிவிடும்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். எங்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பஞ்சாயத்து.

"டீச்சர் வேல," என்றார் மேஸ்திரி. "யோசிக்கவே வேணாம். பென்ஷன் இருக்குதா கேளு."

"நீ சும்மா இருய்யா. ஆடற பொம்பளய கூட்டினு போயி சாக்பீஸ் குடுக்க சொல்ற," என்றார் அக்கா.

"அதில்லம்மா. எவனும் பாக்க வரலன்னுதான மூடிட்டாங்க. திருப்பித் தொறந்தா மட்டும் எவன் வருவான்?"

"ஆம்பளைங்க ஆட்டத்துக்கு வர்றாங்களா?"

நான் கேட்டுச் சொன்னேன். அவர்கள் ஊரில் ஆம்பளைகள் ஆடுகிற இந்தப் பந்துக்கே கூட்டம் கம்மிதானாம். அங்கே கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேறொரு பந்தாட்டத்துக்குத்தான் ஜனம் சாயுமாம். அது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"அப்போ பொம்பளைங்க மேல தப்பு இல்ல," என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். "பந்து மேலதான் தப்பு."

"ராத்திரி ஆட்டம் வைக்கணும். கூத்துக்குக் கூட்டம் எப்டி வருது?"

"நடுவுல பாட்டுக் கச்சேரி போடலாம்."

"முதலாளிங்க ரொம்பப் பேரு இருந்தா உருப்படாது. நம்ம வடக்குப் பக்கத்து அளம் என்னா ஆச்சு? அண்ணன் தம்பி நாலு பேரு."

நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். எனக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் என் சொந்த யோசனையைச் சேர்த்துக்கொண்டேன். பந்தம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊரில் பெரிய பெரிய ஆட்களும் இதையேதான் பேசுகிறார்கள், இவ்வளவு வேகமாக இல்லை என்றார்.

கடைசியில் மேஸ்திரிதான் பேச்சைத் திருப்பினார். "இந்தம்மா முழுசா ஆடி நம்ம யாராச்சும் பாத்துக்கிறோமா? குப்பத்துல வாலிபால் ஆடற பசங்கள எறக்கி உடறேன். ஒரு ஆட்டம் போடட்டும். பொம்பள ஆட்டத்த இந்தக் கரையில எத்தினி பேரு வந்து பாக்கறாங்கன்னு அப்போ தெரியும்."

குப்பத்து ஆண்களுக்குப் படகு போய்விட்டதால் பாதிப்பேருக்கு வேலை இல்லை. நாள் முழுக்க வாலிபால்தான். நான் அதை மொழிபெயர்த்ததும் பந்தம்மா பந்தைக் கையில் எடுத்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை ஆடலாம். ஜனம் வந்து கடைசிவரை நின்றால் பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். வராவிட்டால் டீச்சர்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை பந்தைச் சும்மா சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. காசு சுண்டிப் பார்க்கிற ஆள் மாதிரி எங்களைச் சுண்டிவிட்டார்.

ஒரு ஈ காக்கை வராது என்பது எங்களுக்குத் தெரியும். உப்புக்காரப் பொம்பளைகள் நடந்து நடந்து பந்தை மிதிப்பதைப் பார்க்க யாருக்கு வேலை இல்லை? மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அக்காவைக் கிளப்பிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கைப்பம்பில் தண்ணீர் பிடிக்கப் போனார். நானும் கூட நின்றேன். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிற போக்கில், "நாளைக்கி நாலு மணிக்கி உப்பளத்துக்கு வெள்ளக்காரங்க வர்றாங்களாம். கார்டு வேணுமா வேணாமா, அதான் தெரியல," என்றார். அவ்வளவுதான். அப்புறம் அடுத்த தெருவுக் கைப்பம்புக்கும் தண்ணீர் பிடிக்கப் போனார். அக்கா வீட்டில் அன்று தண்ணீர் ஊற்ற ஒரு பாத்திரம் பாக்கி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே பாத்தியைச் சுற்றி வரப்பு நிரம்பிவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடந்து வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஷேர் ஆட்டோவிலும் வந்து இறங்கினார்கள். நாலு பக்கமும் வரிசை. கூட்டத்தைப் பார்த்து ஒரு ஐஸ்காரரும் வந்துவிட்டார். எல்லார் இடுப்பிலும் பை. கார்டை உள்ளே சொருகி வைத்திருந்தார்கள்.

மொபெட்டிலிருந்து இறங்கிய பந்தம்மா அப்படியே நின்றுவிட்டார். "இத்தனை பேரா?" என்றார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. குப்பத்து ஆண்கள் சீறிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாலு எட்டில் பாத்தித் தோல் உடைந்தது. ஒருவன் கணுக்கால்வரை சேற்றில் இறங்கி நின்றுகொண்டு, "டேய், காலு வர்லடா" என்று கத்தினான். பின்னால் வந்தவன் அவன் மேல் விழுந்தான். நாங்கள் தோளோடு தோளாக, தட்டைக் காலில் போய், அவர்களிடமிருந்து பந்தை மிதித்து வாங்கினோம். மேஸ்திரி பந்தைப் பார்க்கவில்லை. "பாத்தி! பாத்தி போச்சுடா!" என்று வரப்பில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பந்தை வாங்கிப் பந்தம்மாவிடம் தள்ளினோம். அன்றுதான் அவர் முழுசாக ஆடி நாங்கள் பார்த்தோம். எங்கள் பாத்தியில் எப்படி ஓட வேண்டும் என்று எப்போது கற்றுக்கொண்டாரோ, குதிகால் படாமல் ஓடினார். பந்து அவர் காலை விட்டு ஒரு சாண் தள்ளிப் போகவில்லை. இரண்டு பேர் நடுவில் புகுந்து, மூன்றாவது ஆளை ஒரு பக்கம் சாய வைத்து மறுபக்கம் போய், கோலுக்குக் குச்சி நட்ட இடத்துக்குள் உதைத்தார். பந்து வரப்பைத் தாண்டி ஐஸ் வண்டி மேல் போய் விழுந்தது. வரிசை கலைந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

எத்தனை கோல் என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. நாங்கள் ஜெயித்தோம் என்பதில் இல்லை. ஒருவரும் நடுவில் கிளம்பிப் போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மொத்த ஜனமும் சட்டென்று வரிசையைச் சரி செய்துகொண்டு கார்டைக் கையில் எடுத்தது. பந்தம்மா கை கொடுப்பதற்காக வரிசையின் முதல் ஆளிடம் போனார். முதல் ஆள், நரைத்த மீசைக்காரர், நீட்டிய கையில் கார்டை வைத்தார்.

"இது என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"கார்டு," என்றேன்.

"எதற்கு?"

பின்னாலிருந்து குரல் ஏறியது. "சாமான் எங்கம்மா? எத்தினி நேரம் நிக்கிறது?" "வண்டி எந்தப் பக்கம் வருது?" "மொதல்ல பொம்பளைங்களுக்கு உடுங்க!" பந்தம்மா அந்தக் கார்டையும், நாலு பக்க வரிசையையும், மூக்குத்தி அக்காவையும் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே வரவில்லை. அவர் முகம் விழுந்துபோனது. கார்டை மெதுவாக மீசைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

சாமான் இல்லை என்று நான்தான் சத்தம் போட்டுச் சொன்னேன். ஒரு வசவு வந்தது, இரண்டு வந்தது. அக்காவின் மாமியார் வழிப் பரம்பரையே வந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து, "நான் சாமான்னு சொன்னனா? எவ சொன்னா, முன்னாடி வா!" என்றார். யாரும் வரவில்லை, ஏனென்றால் அவர் சொல்லவில்லை.

மீசைக்காரர் கார்டை மடித்து இடுப்பில் சொருகினார். எரிச்சலாகத்தான் இருந்தார். "சாமான் இல்லன்னா போவுது. இம்மாந்தூரம் வந்துட்டோம். அந்தம்மாவ இன்னொரு தபா அந்த வண்டி மேல உட்ட மாதிரி ஒதைக்கச் சொல்லு. பின்னாடி நின்னதுல எனக்குச் சரியாத் தெரியல."

"ஆமா, எங்களுக்கும் தெரியல!" என்றது பெண்கள் வரிசை. "ஓசியிலயா வந்தோம்? ஆட்டோக்குக் காசு குடுத்துல்ல வந்தோம்!"

இதை நான் மொழிபெயர்த்தேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். ஐஸ்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். பந்தம்மா பந்தை எடுத்துக்கொண்டு பாத்தியின் நடுவுக்குப் போனார். குப்பத்து ஆண்கள் மறுபடி இறங்கினார்கள். மேஸ்திரி தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இனிமே என்னா இருக்குது உடைக்க" என்று தானும் இறங்கினார். இருட்டிப் பந்து தெரியாமல் போகிறவரை கார்டு வைத்திருந்த ஜனம் அங்கேயேதான் நின்றது.

மறுநாள் சாயங்காலம் மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் பந்தம்மா வந்தார். அக்காவும் நானும் கூடப் போனோம். அக்கா கூப்பிடாமலே வந்தார், முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் பந்தம்மா பேசியதில் பாதி எனக்குப் புரிந்தது. முதல் போனில் பள்ளிக்கூடத்துக்கு நன்றி சொன்னார், மன்னிக்கச் சொன்னார். இரண்டாவது போன் தோழிக்கு. அதில் நிறையச் சிரித்தார். "நானும் இருக்கிறேன்" என்றார். ஜனம் வந்ததைச் சொன்னார், கார்டோடு வந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். அங்கேயும் வாசலில் சும்மா சட்டையும் தொப்பியும் கொடுத்துத்தானே ஆள் சேர்த்தோம், இங்கே அதுகூடக் கொடுக்கவில்லை என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வெளியே வந்தவரை மறித்துக்கொண்டு அக்கா என்னைக் கேட்டார். "வேலய வேணாம்னுட்டுதா?"

"ஆமாக்கா."

"எப்போ தொறப்பாங்கன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"தெரியலயாம். காத்துனு இருக்கப் போறாங்களாம்."

"பைத்தியம்," என்றார் அக்கா, ரொம்ப சந்தோஷமாக. பந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். அந்தப் பக்கம் போனதும் நின்றார். "அது சரி, வர்ற ஞாயித்துக்கிழமைக்கி என்னா சொல்லி ஆளக் கூட்றதுன்னு கேளு."

கேட்டேன். பந்தம்மா யோசித்தார். பிறகு, கைப்பம்புக்குத் தானும் கூட வருவதாகவும், ஒரு காலிக் குடம் மட்டும் யாராவது கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.